லெனினைக் கண்ட ஐயங்கார்!

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டு, ஆண்டாளைப் பற்றி எழுதாமல் வேறு எதையோ எழுதிக் கொண்டு வந்து நிற்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆசிரியர் என்னை அனுப்பியது எண்ணெய்க் காப்பு உற்சவத்தைப் பார்த்து வரத்தான். பார்த்தேன். விடியற்காலைக் குளிரில், பதினொரு நிலைக் கோபுரத்தின் அடியில், ஈரத் தலையும் நெற்றி நிறையத் திருமண்ணுமாக நின்றவர்களோடு நானும் நின்றேன். பால்கோவாவும் வாங்கினேன். ஆனால் சொல்ல வந்த கதை அங்கே கிடைக்கவில்லை. 12 கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில், நான் தங்கியிருந்த நண்பரின் வீட்டுக் கூடத்தில் கிடைத்தது.

அந்த வீட்டில் ஒரு பெண் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வினாடி வினாப் போட்டியாம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வியையும் பதிலையும் உரக்கப் படித்துக் கொண்டிருந்தாள். பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக் கொண்டிருந்தார்.

“1920ஆம் ஆண்டு டாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? விடை: எம்.பி.டி. ஆச்சாரியா.”

பாட்டியின் கை நின்றது.

“ஆச்சாரியாவா? எந்த ஊர்க்காரர்?”

“சென்னையாம், பாட்டி.”

“ஐயங்காரா?” என்று என் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, நீங்கதான் பத்திரிகையிலே இருக்கீங்களே, ஐயங்காருக்கு அங்கே என்ன வேலை?”

நல்ல கேள்வி. உங்களுக்கும் அதே கேள்வி எழுந்திருக்கும். அன்று மாலை கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து பாட்டிக்கும், மருமகளுக்கும், அந்தப் பெண்ணுக்கும் நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுநடுவே அவர்கள் போட்ட கேள்விகளையும் விடப் போவதில்லை. அவற்றில் சில என் விஷயத்தைவிட நன்றாக இருந்தன.

*

மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியா என்பது அவருடைய முழுப் பெயர். 1887 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். மண்டயம் என்ற ஊரையே அடைமொழியாகக் கொண்ட ஐயங்கார் குடும்பங்கள் திருவல்லிக்கேணியில் பேர் பெற்றவை. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பப் பணம் திரட்டி அலைந்தாரே அளசிங்கப் பெருமாள், அவர் மண்டயம். பாரதியாரோடு புதுச்சேரியில் வாழ்ந்த நாட்களைப் பற்றி அழகாக எழுதி வைத்திருக்கிறாரே யதுகிரி அம்மாள், அவருடைய தந்தை ஸ்ரீநிவாசாச்சாரியார் மண்டயம். ராமானுஜர் வழி வந்த வைஷ்ணவம், பெண்கள் மார்கழியில் பாவை பாடும் வீடு. அந்தப் பையன் காதில் திருப்பாவை விழாமலா இருந்திருக்கும்!

பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ பத்திரிகையை நடத்தியவர்கள் இந்த மண்டயம் குடும்பத்தார்தாம். நம் கதாநாயகருக்கு அவர்கள் நெருங்கிய உறவு. 1908இல் சர்க்கார் ‘இந்தியா’வின் மேல் பாய்ந்தது. வெளியீட்டாளராகப் பெயர் போட்டிருந்த ஸ்ரீநிவாசன் என்பவருக்கு ஐந்து வருஷக் கடுங்காவல். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார்; அச்சு இயந்திரமும் பின்னாலேயே போயிற்று. ஆச்சாரியாவும் போனார். பிரெஞ்சுக்காரர் ஊரில் ஆங்கிலேயர் கை வைக்க முடியாதென்றாலும், தெருமுனைக்குத் தெருமுனை ஒற்றர்கள். இருபத்தொரு வயசுப் பையனுக்கு அங்கே மூச்சு முட்டியது. அந்த வருஷ முடிவிலேயே கொழும்பு வழியாகக் கப்பலேறி விட்டார்.

“அம்மா அப்பாகிட்டே சொல்லிட்டா?” என்று கேட்டார் மருமகள்.

அதற்கு நான் பதில் சொல்லுமுன் பாட்டியே, “சொன்னா விடுவாங்களாக்கும்!” என்று விட்டார்.

பாரிசைத் தொட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். ஹைகேட் என்ற பகுதியில் ‘இந்தியா ஹவுஸ்’ என்று ஒரு மாணவர் விடுதி இருந்தது. வெளியே பார்த்தால் விடுதி. உள்ளே சாவர்க்கர், நம் வ.வே.சு. ஐயர் முதலியோர். பாரிஸ்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகள் துப்பாக்கி சுடப் பழகிய காலம் அது. 1909 ஜூலை 1ஆம் தேதி, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்க்ரா, கர்சன் வைலி என்ற ஆங்கில அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே திங்க்ராவைத் தூக்கில் போட்டார்கள். விடுதி கலைந்தது.

நம் ஆச்சாரியா அப்போது செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பதா, கும்பிடுவதா என்று தெரியாது. மொராக்கோவில் ரிப் மலைவாசிகள் ஸ்பெயின் நாட்டுச் சேனையோடு சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து சண்டை போட்டால் யுத்தக் கலையைக் கற்றுக் கொள்ளலாம், கற்றதை இந்தியாவில் பயன்படுத்தலாம் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் ஆச்சாரியா. மற்றவர் சுக்சாகர் தத் என்ற வங்காளி. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அகப்பட்ட உல்லாஸ்கர் தத்தின் தம்பி. அரபு பாஷை தெரியாது, மலை தெரியாது, கையில் காசும் அதிகமில்லை. ஜிப்ரால்டர் வரை போயும் போர்க்களத்தைக் கண்ணால் காணவில்லை. தத் லண்டனுக்கே திரும்பினார். ஆச்சாரியா டாஞ்சியர், லிஸ்பன் என்று அலைந்து, கடைசியில் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

“புளியோதரைக்காரர் வாளேந்தப் போனாராக்கும்” என்றாள் பேத்தி. பாட்டி அவளை முறைத்தார்.

அதன்பிறகு அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாரிசில் காமா அம்மையாரும், சரோஜினி தேவியின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவும். பிறகு பெர்லின், மூனிக், கான்ஸ்டாண்டிநோபிள். 1912இல் அமெரிக்கா. 1914இல் உலக யுத்தம் மூண்டதும் திரும்பவும் பெர்லின். பிரிட்டனின் எதிரியான ஜெர்மனியின் உதவியோடு இந்திய விடுதலைக்கு வேலை செய்ய அங்கே ஒரு கமிட்டி அமைந்திருந்தது. சூயஸ் கால்வாயைக் காத்து நின்ற சேனையில் நம் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் மனத்தைத் திருப்புவதற்காகத் துருக்கியர் ஆட்சியிலிருந்த பாலைவனப் பிரதேசங்களுக்குப் போனவர்களில் ஆச்சாரியாவும் ஒருவர். சிப்பாய்கள் திரும்பவில்லை. 1917இல் ஸ்டாக்ஹோம் போய் அங்கிருந்து பிரசாரம். இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரைப் பற்றிக் குறிப்பு எழுதிக் கொண்டே இருந்தார்கள். இன்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அந்தக் குறிப்புகள்தாம் பெரிய உதவி! வேவு பார்த்தவன் எழுதி வைத்த அளவுக்கு வேறு யாரும் நம் மனிதரைப் பற்றி எழுதி வைக்கவில்லை.

*

பாட்டி கேட்ட ருஷ்யா இப்போதுதான் வருகிறது.

1919 மே மாதம் மாஸ்கோவில் லெனினைச் சந்திக்க ஒரு சிறு இந்தியக் குழு போயிற்று. ராஜா மகேந்திர பிரதாப், மௌலவி பரக்கத்துல்லா, அப்துர் ரப், இவர்களுடன் ஆச்சாரியா. மகேந்திர பிரதாப் தாம் எழுதிய ‘அன்பு மதம்’ என்ற சிறு நூலை லெனினிடம் நீட்டினாராம். ‘நான் படித்து விட்டேனே’ என்று லெனின் சொன்னாராம். இதெல்லாம் டால்ஸ்டாய் வழி, இதனால் காரியம் ஆகாது என்றும் சொன்னாராம். மகேந்திர பிரதாப்பே எழுதி வைத்திருக்கிறார்.

அங்கிருந்து காபூல். காபூலில் அமீருக்கும் பிரிட்டிஷாருக்கும் சமரசப் பேச்சு நடந்த சமயம், இவர்கள் இருப்பது இடைஞ்சலாகி விட்டது. திரும்ப மத்திய ஆசியா வழியாக டாஷ்கண்ட். 1920 அக்டோபர் 17. எம்.என். ராய், அவர் மனைவி ஈவ்லின், அவனி முகர்ஜி, அவர் மனைவி ரோசா, முகம்மது அலி, முகம்மது ஷபீக், ஆச்சாரியா. ஏழே பேர் கூடி ‘இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி’ என்று பெயர் வைத்தார்கள். ஏழு பேரில் இரண்டு பேர் பெண்கள், அந்த இரண்டு பேரும் வெளிநாட்டார் என்பதைக் கவனியுங்கள். ஆச்சாரியா தலைவர், ஷபீக் காரியதரிசி. (கான்பூரில் 1925இல் கூடியதுதான் உண்மையான ஆரம்பம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வழக்கை அவர்களே தீர்த்துக் கொள்ளட்டும்.)

தலைவர் பதவி எத்தனை நாள் நிலைத்தது என்கிறீர்கள்? மூன்றே மாதம்! ராய் சொல்வதுதான் சட்டம் என்பதை ஆச்சாரியா ஏற்கவில்லை. கம்யூனிஸ்டுகள் அல்லாத தேசபக்தர்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும், மாஸ்கோவின் கைக்குள் அடங்கிப் போகக் கூடாது என்றார். மேலிடம் ராய் பக்கம் சாய்ந்தது. 1921 ஜனவரியில் ஆச்சாரியாவை நீக்கி விட்டார்கள். பிரிட்டிஷ் சர்க்காரோடு சண்டை போட்டுத் தாய்நாட்டை இழந்தவர், இப்போது சொந்தத் தோழர்களோடு சண்டை போட்டு இருந்த இடத்தையும் இழந்தார்.

அது அவருக்கு உயிர்ப் பிச்சையாயிற்று என்றும் சொல்ல வேண்டும். கூடவே இருந்த அவனி முகர்ஜியும், பெர்லினில் தோளோடு தோள் நின்ற சட்டோபாத்யாயாவும் பிற்காலத்தில் சோவியத் நாட்டிலேயே தங்கினார்கள். 1937இல் ஸ்டாலின் ஆட்சி இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றது.

*

“கல்யாணமே பண்ணிக்கலையா அவரு?” என்றார் மருமகள்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். சகோதரிகளே, ஆச்சாரியாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆச்சாரியா அல்ல.

மாக்தா நாக்மன் 1889இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் வசதியான வீட்டில் பிறந்தவர். தந்தை யூதர், தாயார் ஜெர்மன் வழி வந்த கிறிஸ்தவர். ருஷ்ய நடனக் குழுவுக்கு உடைகள் வரைந்து ஐரோப்பாவையே மயக்கிய லியோன் பாக்ஸ்ட் என்ற ஓவியரிடம் சித்திரம் பயின்றவர். மரீனா ஸ்வெதாயெவா என்ற மகாகவியை இளம் வயதில் எதிரே உட்கார வைத்து, 1913இல் எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். அந்தக் கவியை நேரில் பார்த்துத் தீட்டிய எண்ணெய் வர்ணச் சித்திரம் என்று இன்று ருஷ்யர்கள் போற்றுவது அதைத்தான். பிறகு புரட்சி வந்தது, பஞ்சம் வந்தது. வீடும் வசதியும் போயின. கிராமத்துக்குப் போய் அங்கே நாடக மேடைக்குத் திரை தீட்டினார்.

மாஸ்கோவில் இந்த இருவரும் சந்தித்தார்கள். ஒருவருக்கு நாடில்லை, மற்றவருக்கு நாடு இருந்தும் அதில் பழைய வாழ்வில்லை. மணந்து கொண்டார்கள். 1922இல் பெர்லினுக்குப் போனார்கள்.

அங்கே பன்னிரண்டு வருஷம். அதை ‘குடித்தனம்’ என்று சொல்வது குடித்தனம் நடத்துகிற உங்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆச்சாரியா கட்டுரைகள் எழுதினார், உலகெங்கும் சிறு சிறு பத்திரிகைகள் அவற்றைப் போட்டன, பணம் வரவில்லை. சித்திரம் விற்ற காசு அடுப்பெரிய உதவியது. ருஷ்ய அகதிகள் நிறைந்த பெர்லினில் மாக்தா பலருடைய உருவங்களை வரைந்தார். அவர்களில் ஒருவர், பின்னால் உலகப் புகழ் பெற்ற நபகோவ் என்ற நாவலாசிரியர்.

ஆச்சாரியாவின் மனம் இந்த நாட்களில்தான் திரும்பியது. எந்த அரசாங்கமும் வேண்டாம், வெள்ளையன் அரசாங்கமும் வேண்டாம், நம்மவன் அரசாங்கமும் வேண்டாம், மக்கள் தாங்களே சேர்ந்து வாழட்டும் என்று சொல்லும் அராஜகவாதிகளோடு சேர்ந்தார். ‘அராஜகம்’ என்றதும் கல்லெறியும் தீ வைப்பும் ஞாபகம் வர வேண்டாம். இது ஒரு தத்துவத்தின் பெயர். ருடால்ப் ராக்கர், அலெக்சாண்டர் பெர்க்மன், எம்மா கோல்ட்மன் போன்றவர்கள் அதில் பெரியவர்கள். அந்தப் பாதையில் போகப் போக, துப்பாக்கியில் நம்பிக்கை வைத்துக் கடல் தாண்டிய மனிதர், காந்தியடிகளின் அகிம்சையை மெச்சி எழுத ஆரம்பித்தார். பலாத்காரத்தின் மேல் ஏறி உட்காருவதுதான் எந்த அரசாங்கமும், அந்த பலாத்காரத்தை மறுக்கிறவர் காந்தி, ஆகவே தம் கட்சிக்கு அவர் கிட்டத்து உறவு என்பது அவர் வாதம். காங்கிரசில் சேர்ந்தாரா என்றால் இல்லை. யாரோடும் முழுக்கச் சேராதது அவர் சுபாவம். அதை வீரம் என்பதா, பிடிவாதம் என்பதா? எனக்கு ஒரு நாள் ஒன்றாகவும் மறுநாள் இன்னொன்றாகவும் தோன்றுகிறது.

1933இல் ஹிட்லர் வந்தான். கணவர் கறுப்பு நிறத்தவர், பழைய புரட்சிக்காரர். மனைவி யூதத் தகப்பனாரின் மகள். பெர்லினில் இனி இருக்க முடியுமா? ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார்கள். ஊர் திரும்ப அனுமதி கேட்டு ஆச்சாரியா முன்பே விண்ணப்பித்திருந்தார். சர்க்கார் இழுத்தடித்து, கடைசியில் பாஸ்போர்ட் கொடுத்தது. 1935இல் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். புறப்பட்டபோது வயது இருபத்தொன்று. இறங்கியபோது நாற்பத்தெட்டு. மாக்தா அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார்.

“மெட்ராசுக்கு வரலையா?” என்றார் பாட்டி. பிறகு தமக்குத் தாமே, “வந்துதான் என்ன செய்ய” என்று சொல்லிக் கொண்டார்.

பம்பாயிலேயே தங்கி விட்டார்கள். 1937இல் ‘மராட்டா’ பத்திரிகையில் தம் புரட்சி நினைவுகளைத் தொடராக எழுதினார் ஆச்சாரியா. ரஞ்சோட்தாஸ் லோட்வாலா என்பவர் நடத்திய சமூகவியல் நிலையத்தில் காரியதரிசி வேலை பார்த்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமிருந்த தோழர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். மாக்தாவோ, ஐம்பது வயதை நெருங்கும்போது, முற்றிலும் புதிய நாட்டில், புதிய வெயிலில், தூரிகையை மறுபடி கையில் எடுத்தார். கிராமத்துப் பெண்கள், குழந்தையை மடியில் வைத்த தாய்மார், வீட்டு வேலைக்காரர்கள், தெருவில் போகிறவர்கள், இவர்களெல்லாம் அவர் சித்திரங்களில் வந்து உட்கார்ந்தார்கள். பம்பாய்க் கலைச் சங்கத்தின் கண்காட்சிகளில் வைத்தார். வியன்னாவிலிருந்து தப்பி வந்த ஹில்டே ஹோல்கர் என்ற நடனமணிக்கு உடையும் மேடையும் அமைத்துக் கொடுத்தார். அன்றைய இளம் ஓவியர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

சுயராஜ்யம் வந்தது. பென்ஷனோ, மாலையோ ஆச்சாரியாவைத் தேடி வரவில்லை. அவரும் அவற்றைத் தேடிப் போகிறவர் அல்ல. எந்த அரசாங்கமும் ஆகாது என்று எழுதுகிறவருக்கு எந்த அரசாங்கம் பென்ஷன் கொடுக்கும்? காசநோய் நெஞ்சைத் தின்று கொண்டிருந்தது. மனைவியின் தூரிகைதான் வீட்டை நடத்தியது.

1951 பிப்ரவரி 12ஆம் தேதி. மாக்தாவின் சித்திரக் கண்காட்சி ஒன்று திறக்க ஏற்பாடாகி, படங்களெல்லாம் தயார். திறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னால் மாக்தாவின் உயிர் பிரிந்தது. அறுபத்தோரு வயது. கண்காட்சி அவர் இல்லாமலே நடந்தது.

கூடத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மருமகள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்து விட்டு வந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

*

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொன்னேன். மாக்தா இறந்த அந்த 1951இல், சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாகக் கோட்டையில் இருந்தவர் உங்கள் ஊர் பி.எஸ். குமாரசுவாமி ராஜா. காந்தி பக்தர், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1954இல் அவர் ஒரிஸ்ஸாவின் கவர்னரானார். அதே 1954இல், மார்ச் 20ஆம் தேதி, பம்பாயில் ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஆச்சாரியா கண்ணை மூடினார். அறுபத்தேழு வயது முடிய ஒரு மாதம் கூடப் பாக்கி இல்லை. மனைவி போன மூன்று வருஷமும் அவர் எழுதிய கடிதங்கள் வெளிநாட்டுத் தோழர்களிடம் இருந்தன: வறுமை, வியாதி, மனைவியின் சித்திரங்களை விற்க வேண்டியிருக்கும் வேதனை, இவற்றின் நடுவிலும் அராஜகத் தத்துவத்தைப் பற்றி விவாதம்!

இருவரும் ஒரே சுயராஜ்யத்துக்காகப் புறப்பட்டவர்கள்தாம். ஒருவர் ஊரோடு இருந்தார். ஊர் அவரைத் தெரிந்து வைத்திருக்கிறது. இன்னொருவர் பாஸ்போர்ட் இல்லாமல் பாதி உலகம் சுற்றினார்.

“குழந்தை குட்டி?” என்றார் பாட்டி.

“இல்லை, அம்மா.”

“அந்தப் பொண்ணு வரைஞ்ச படமெல்லாம்?”

பல வீடுகளில் சிதறிக் கிடந்தவற்றை, சில வருஷங்களுக்கு முன் லீனா பெர்ன்ஸ்டைன் என்ற அம்மாள் நாடு நாடாகத் தேடி, 2020இல் மாக்தாவின் வாழ்க்கையையே புத்தகமாக எழுதியிருக்கிறார் என்றேன். ஆச்சாரியாவைப் பற்றி ஓலே பிர்க் லார்சன் என்பவர் 2023இல் எழுதினார். நம்மவர் சி.எஸ். சுப்பிரமணியம் 1995லேயே எழுதி விட்டார். கைபேசியில் மாக்தாவின் சித்திரங்களில் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினேன். ஸ்வெதாயெவாவின் படம், நீல உடை, குட்டை முடி, எங்கோ பார்க்கும் கண்கள். பாட்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, கைபேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு பேத்தியிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை நான் மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் வாசல் வரை ஓடி வந்தாள். கையில் வினாடி வினாப் புத்தகம். பதிலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தாள்.

“மாமா, மாக்தாவுக்கு அடுத்தாப்பலே என்ன பேரு சொன்னீங்க?”

“நாக்மன்.”

‘நா’வைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டு எழுதிக் கொண்டு உள்ளே போனாள்.